நீதிபதி கிருஷ்ணய்யருக்கு வடசென்னை பட்ட கடன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் வந்த ஒரு கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. மனித உரிமை பேசிய நீதிபதிகள்தான் போலீசின் கையைக் கட்டிப்போட்டார்கள் என்று எழுதிய அந்த வாசகர், அதற்கு உதாரணமாக மறைந்த உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யரின் பெயரைச் சொல்லியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. தன் வீட்டில் நடந்த திருட்டைப் பற்றியும் அதே கடிதத்தில் எழுதியிருந்தார். பொருளைப் பறிகொடுத்தவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தப் பெயரை அந்த இடத்தில் பார்த்த பிறகு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. டிசம்பர் 4-ம் தேதி அவருடைய நினைவு நாளும் வருகிறது.

நான் படித்தவன் என்று சொல்லிக்கொள்ள எஸ்.எஸ்.எல்.சி.யும் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்பிங் ஹையரும்தான் உண்டு. 1982-ல் இருபது வயதில் தம்புச் செட்டித் தெருவில் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். 41 வருடம் அதே தெரு, அதே மாடிப்படி. காலையில் கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு என்.எஸ்.சி.போஸ் சாலையைத் தாண்டுவேன். சாயங்காலம் வாய்தா தேதிகளை டைரியில் ஏற்றிவிட்டுக் கொருக்குப்பேட்டைக்கு வீடு திரும்புவேன். கிருஷ்ணய்யரை நான் நேரில் பார்த்ததில்லை. அவருடைய தீர்ப்புகளின் பக்கங்களை எத்தனை தடவை டைப் அடித்திருப்பேன் என்று கணக்கு இல்லை. அவருடைய ஆங்கிலம் கடினமானது. ஒரு பக்கத்துக்கு நாலு தடவை அகராதியைப் புரட்டியிருக்கிறேன். அப்படிப் புரட்டிப் புரட்டித்தான் எனக்குச் சட்டம் தெரிய வந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணய்யர் போலீசைத் தூரத்திலிருந்து பார்த்து விமர்சித்தவர் இல்லை. 1957-ல் கேரளத்தில் இ.எம்.எஸ்.நம்பூதிரிபாட் முதலமைச்சரானபோது, சட்டம், உள்துறை, சிறை, நீர்ப்பாசனம், மின்சாரம் என்று பல துறைகளைக் கையில் வைத்திருந்த அமைச்சர் அவர். அதாவது ஒரு மாநிலத்தின் போலீசும் ஜெயிலும் அவர் பொறுப்பில் இருந்தன. அதற்கு ஒன்பது வருடம் முன்னால், 1948-ல், போலீஸ் விசாரணையில் நடந்த சித்திரவதையை எதிர்த்துப் பேசியதற்காக, கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று குற்றம் சாட்டி அவரையே ஒரு மாதம் ஜெயிலில் போட்டார்கள். கம்பிக்கு உள்ளேயும் இருந்தார், அந்தக் கம்பிகளை நிர்வகிக்கும் நாற்காலியிலும் உட்கார்ந்தார், பிறகு நீதிபதியாகவும் ஆனார். மூன்றையும் கண்டவர்கள் நம் நாட்டில் எத்தனை பேர்? அவருடைய தீர்ப்பைக் குறை சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு சொல்லட்டும்.

அவர் நமக்கு அந்நியரும் இல்லை. 1915 நவம்பர் 15-ல் பாலக்காடு பக்கத்தில் வைத்தியநாதபுரம் என்ற ஊரில், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். பட்டப்படிப்பு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். சட்டம் படித்தது நம் மெட்ராஸ் லா காலேஜில். ஹைகோர்ட் வளாகத்து ஓரத்தில் கோபுரங்களோடு நிற்கிறதே, அந்தச் சிவப்புக் கட்டடம். 2018-ல் கல்லூரியை இரண்டாகப் பிரித்துப் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் கொண்டுபோய்விட்டார்கள். ஆனாலும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது இன்றைக்கும் லா காலேஜ்தான். படிப்பு முடிந்ததும் தலச்சேரிக்குப் போய் வக்கீல் தொழில் செய்தார். மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்ததால், 1952 தேர்தலில் கூத்துபரம்பில் சுயேச்சையாக ஜெயித்து நம் சட்டசபைக்கே உறுப்பினராக வந்தார். 1968-ல் கேரள ஹைகோர்ட் நீதிபதி, பிறகு சட்ட ஆணையம், 1973 ஜூலையில் உச்ச நீதிமன்றம். 1980 நவம்பர் 14-ல் ஓய்வு. ஏழு வருடம் நாலு மாதம், அவ்வளவுதான் அவர் அங்கே உட்கார்ந்தது.

பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதினால் பெரும்பாலும் 1975 ஜூன் 24-ஐத்தான் எழுதும். இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்ற அலகாபாத் தீர்ப்புக்கு, கோடை விடுமுறை நீதிபதியாக இருந்த இவர் நிபந்தனையோடு தடை கொடுத்தார். பிரதமராக நீடிக்கலாம், எம்.பி.யாக ஓட்டுப் போடக்கூடாது என்றார். மறுநாள் நெருக்கடி நிலை வந்துவிட்டது. அது சரித்திரத்தில் இடம் பிடித்த விஷயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் இருக்கிறவர்களுக்கு அவர் செய்தது வேறு. அதைத்தான் எழுத நினைத்தேன்.

1986 என்று ஞாபகம். காசிமேட்டில் வலை வேலை செய்துகொண்டிருந்த ஒரு ஆள், நெல்லூர் பக்கத்துக்காரர், ஒரு அடிதடி வழக்கில் ரிமாண்ட் ஆனார். என் சீனியர் ஜாமீன் மனு போட்டார், ஜாமீனும் கிடைத்தது. இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும் என்று உத்தரவு. சாதாரண உத்தரவுதான். அந்த ஆளுடைய மனைவி அன்றைக்கே எனக்கு ஒரு பொட்டலம் பக்கோடா வாங்கிக் கொடுத்தார், புருஷன் நாளைக்கு வந்துவிடுவார் என்று. வரவில்லை. ஜாமீன் நிற்க அவருக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வாடகைக் குடிசை. வீட்டு வரி ரசீது கேட்டால் எங்கே போவார்கள்? நெல்லூரிலிருந்து அண்ணன் வந்தார். அரை ஏக்கர் நிலத்துப் பத்திரம், ஊர் அதிகாரியிடம் வாங்கிய சான்றிதழ் எல்லாம் கொண்டுவந்தார். நீதிமன்ற ஊழியர் அதைப் பார்த்துவிட்டு, வெளிமாநிலத்து ஆள் ஜாமீன் செல்லாது, உள்ளூர் ஆள் வேண்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எந்த நீதிமன்றம் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த ஊழியரும் கெட்டவர் இல்லை, அன்றைய வழக்கம் அப்படி.

அந்த மாதிரி நேரத்துக்கென்றே நீதிமன்ற வாசலில் ஆட்கள் நிற்பார்கள். காசு கொடுத்தால் ரேஷன் கார்டோடு வந்து யாருக்கு வேண்டுமானாலும் ஜாமீன் நிற்பார்கள். அந்த அம்மாவிடம் ஒருவன் பேரம் பேசியதை நானே பார்த்தேன். தாலியில் இருந்த குண்டுமணித் தங்கத்தைக் கழற்றிக் கொடுக்க அவர் தயாராகிவிட்டார். ஜாமீன் கிடைத்து இருபத்து மூன்று நாள் ஆகியும் ஆள் சென்ட்ரல் ஜெயிலில் இருந்தார்.

சீனியர் அன்று ராத்திரி அலமாரியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து, அடையாளத்துக்குத் தீப்பெட்டிக் குச்சியைச் செருகி, "இத அப்படியே அடிச்சிடு" என்றார். மோத்தி ராம் எதிர் மத்தியப் பிரதேச அரசு, 1978 ஆகஸ்ட் 24. கிருஷ்ணய்யர் எழுதியது. மோத்தி ராம் ஒரு கொத்தனார். உச்ச நீதிமன்றமே அவரை ஜாமீனில் விடச் சொன்ன பிறகும், கீழே இருந்த மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். 1978-ல் ஒரு கொத்தனாரிடம் பத்தாயிரம்! ஜாமீன் நிற்க அவருடைய அண்ணன் தம்பி வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்க மறுத்தார்கள். நெல்லூர்க்காரர் கதை எழுத்துக்கு எழுத்து அங்கே இருந்தது. டைப் அடிக்கும்போது என் விரல் நின்றுவிட்டது.

அந்தத் தீர்ப்பில் ஒரு இடம் வரும். ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ தெலுங்கரோ, பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ ஒரு வழக்கில் மாட்டிக்கொண்டால், அந்த ஊரில் சொத்து வைத்திருக்கும் ஜாமீன்தாரருக்கு அவர் எங்கே போவார் என்று கேட்கிறார் நீதிபதி. வேலை தேடி வந்தவராக இருக்கலாம், ஊர்வலத்துக்கு வந்தவராக இருக்கலாம், அங்கே ஒருத்தரையும் தெரியாதவராக இருக்கலாம் என்கிறார். வெளியூர் ஜாமீன் என்று ஒதுக்குவது நாட்டையே துண்டு போடுவது என்று கண்டிக்கிறார். கடைசியில் மோத்தி ராமை 1,000 ரூபாய்க்குச் சொந்த ஜாமீனில் விடச் சொல்லிவிட்டார்.

அந்தப் பக்கங்களை மனுவோடு சேர்த்துக் கொடுத்தோம். மாஜிஸ்திரேட் வாங்கி, எங்களை நிற்க வைத்துவிட்டு, பொறுமையாக ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். பத்து நிமிஷம் இருக்கும். படித்து முடித்து, நெல்லூர் அண்ணனைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். அன்று சாயங்காலம் ஜெயில் வாசலில் அந்த அம்மா தாலியைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை எனக்கு இன்னும் கேட்கிறது.

இன்றைக்கு எங்கள் கொருக்குப்பேட்டையிலும் மணலியிலும் துறைமுகத்துப் பக்கத்திலும் பீகார், ஒடிசாப் பையன்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்! அவர்களில் ஒருவன் செய்யாத குற்றத்துக்கு மாட்டினாலும் புழல் ஜெயிலில் அவனுக்கும் அதே கதிதான். 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்லியிருக்கிறது: உள்ளூர் ஜாமீன்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதால்தான் ஜாமீன் கிடைத்தவர்களும் வெளியே வர முடியாமல் கிடக்கிறார்கள், அந்த நிபந்தனையைப் போட வேண்டாம் என்று. கிருஷ்ணய்யர் சொல்லி 45 வருடம் கழித்து.

அப்புறம் கைவிலங்கு. வாசகர் தன் கடிதத்தில் குறிப்பாக இதைச் சொல்லியிருந்தார். 1980 ஏப்ரலில் வந்த பிரேம் சங்கர் சுக்லா வழக்கு அது. திகார் ஜெயிலிலிருந்து ஒரு கைதி தந்தி அடித்தார், நீதிமன்றம் அந்தத் தந்தியையே வழக்காக எடுத்துக்கொண்டது. கைதி தப்பி ஓடிவிடுவான் என்று நம்பக் காரணம் இருந்தால் விலங்கு போடுங்கள், ஆனால் காரணத்தை எழுதி வையுங்கள், மாஜிஸ்திரேட்டிடம் காட்டுங்கள் என்பதுதான் தீர்ப்பின் சாரம். எவனுக்கும் போடாதே என்று அவர் சொல்லவில்லை. இப்போது வந்திருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் யார் யாருக்கு விலங்கு போடலாம் என்று குற்றங்களைப் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறது. அப்படியானால் மற்றவர்களுக்குப் போடக்கூடாது என்றுதானே பொருள்?

என் அக்கா வீட்டுக்காரர் போலீசில் ஏட்டாக இருந்து ரிடையர் ஆனவர். கைதிகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பொன்னேரி கோர்ட்டுக்குப் போவது அவருக்குப் பல வருட வேலை. ஆள் ஓடினால் போகப்போவது தன் வேலை என்று அவருக்குப் பயம். அந்தப் பயம் நியாயமானது. இந்தத் தீர்ப்பின் பேரில் சுற்றறிக்கை வந்தபோது மாமா எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் திட்டினார். சில வருடம் கழித்து அவரே ஒருநாள் சொன்னார்: "முன்னெல்லாம் விலங்கு மாட்டினா, எல்லாருமே மொதல்ல துண்டுதான் கேப்பாங்க மாப்ள. கை மேல போட்டு மூடிக்கறதுக்கு. கண்டக்டர் டிக்கெட் குடுக்க வந்தா திரும்பி உக்காந்துப்பாங்க. இப்ப எவனும் துண்டு கேக்கறதில்ல." அவர் சர்வீஸ் முடியும்வரை ஒருத்தர்கூட அவர் கையிலிருந்து ஓடவில்லை. இதையும் அவர்தான் பெருமையோடு சொல்வார்.

என் தங்கை விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். அவள் வீட்டுக்காரர் சீட்டு பிடித்து நஷ்டப்பட்டபோது, ஒரு காவல் நிலையத்திலிருந்து அவளை இருட்டுகிற நேரத்தில் விசாரணைக்கு வரச் சொன்னார்கள். நந்தினி சத்பதி வழக்கில், 1978-ல், பெண்களை விசாரிக்க வேண்டுமானால் அவர்கள் வீட்டுக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதைக் காவல் நிலையங்கள் மீறக்கூடாது என்று கிருஷ்ணய்யர் கண்டிப்பாக எழுதியிருக்கிறார். ஒடிசாவில் முதலமைச்சராக இருந்த ஒரு அம்மாவின் வழக்கு. அதன் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். உதவி ஆய்வாளர் படித்துப் பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். "சரி, காலைல வர்றோம்" என்றார். மறுநாள் ஒரு பெண் காவலரோடு வீட்டுக்கு வந்து விசாரித்தார். தங்கை கொடுத்த காபியையும் குடித்துவிட்டுத்தான் போனார். முதலமைச்சருக்குக் கிடைத்த அதே பாதுகாப்பு கொருக்குப்பேட்டையில் சீட்டுப் பிடித்தவன் பெண்டாட்டிக்கும் கிடைத்தது.

கடன் வாங்கியவனைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கு, 1980. கையில் இல்லாமல் கடனைக் கட்ட முடியாதவனை ஜெயிலில் போட முடியாது, வைத்துக்கொண்டே ஏமாற்றுகிறவன் வேறு என்று பிரித்துக் காட்டினார். கந்துவட்டிக்காரன் "உள்ள தூக்கிப் போட்டுடுவேன்" என்று மிரட்டும்போது எங்கள் தெருப் பெண்கள் என்னிடம் ஓடி வருவார்கள். இந்த ஒரு வரியைச் சொல்லித்தான் அவர்களைத் தூங்க அனுப்புவேன்.

எங்கள் நைனா ரிக்‌ஷா ஓட்டினவர். முதலில் கை ரிக்‌ஷா. 1973-ல் கலைஞர் கை ரிக்‌ஷாவை ஒழித்த பிறகு சைக்கிள் ரிக்‌ஷா. அதுவும் சொந்த வண்டி இல்லை, வண்ணாரப்பேட்டை முதலாளி ஒருவரின் வண்டி. சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ராத்திரி வாடகை வைத்தாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஆசாத் ரிக்‌ஷா தொழிலாளர் சங்க வழக்கை டைப் அடிக்கக் கொடுத்தார்கள். பஞ்சாபில், சொந்தமாக வண்டி வைத்து ஓட்டுகிறவருக்குத்தான் லைசென்ஸ் என்று சட்டம் போட்டிருந்தார்கள். நோக்கம் நல்லது, ஆனால் வாடகை வண்டி ஓட்டுகிறவன் பிழைப்புப் போய்விடும். வழக்கு 1980-ல் கிருஷ்ணய்யர் முன்னால் வந்தது. சட்டம் செல்லும், செல்லாது என்று எழுதிவிட்டு எழுந்து போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ரிக்‌ஷாக்காரர்கள் வங்கியில் கடன் வாங்கி வண்டியைச் சொந்தமாக்கிக்கொள்ள என்ன வழி என்று அரசையும் கூட வைத்துக்கொண்டு ஒரு திட்டமே வகுத்துக் கொடுத்தார்.

அன்றைக்கு ராத்திரி நைனா வாசலில் வண்டியின் கால்பலகையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். நான் தீர்ப்பை எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பஞ்சாப்லயும் நம்பள மாறி வாடகை குடுத்துதான் ஓட்றாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அந்த ஜட்ஜு எந்தூரு?" என்றார். நம் லா காலேஜில் படித்தவர் என்றேன். "அப்ப நம்ப ஆளு ஒருத்தன் அவர ஏத்தினு போயிருப்பான்" என்றார். அதற்கப்புறம் ஹைகோர்ட் வாசலில் வக்கீல்களைச் சவாரி ஏற்றினால் கிருஷ்ணய்யரைத் தெரியுமா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். 1991-ல் இறக்கும்வரை வாடகை வண்டிதான் ஓட்டினார். ஆனால் எங்கோ டெல்லியில் ஒரு பெரிய மனிதர் ரிக்‌ஷாக்காரன் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்திருக்கிறார் என்பது அவருக்குக் கடைசிவரை ஒரு கௌரவமாக இருந்தது.

ரத்லம் நகராட்சி வழக்கைச் சொல்லாவிட்டால் எங்கள் தெருக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். மத்தியப் பிரதேசத்து ரத்லம் ஊரில் ஒரு வார்டு மக்கள், திறந்த சாக்கடையும் நாற்றமும் கொசுவும் தாங்காமல் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். மாஜிஸ்திரேட் சரிசெய்யச் சொன்னார். நகராட்சியோ பணமில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சொன்னது. 1980 ஜூலையில் தீர்ப்பு. பணமில்லை என்பது ஒரு பதிலே இல்லை, கழிவுநீர் வழியும் கழிப்பிடமும் செய்து கொடுப்பது உன் கடமை என்று சொல்லிவிட்டார். பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமும் கேப்டன் காட்டன் கால்வாய் ஓரமும் குடியிருக்கிறவர்கள் இதை ஃபிரேம் போட்டு மாட்டி வைக்கலாம். எங்கள் தெருவில் சாக்கடை மூன்று மழைக்காலம் வீட்டுக்குள் வந்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவில் மனு எழுதி, ரத்லம் தீர்ப்பை இணைத்து, 64 குடும்பத்தின் கையெழுத்தோடு கொடுத்தேன். பொறுப்பான அலுவலகம் எட்டு மாதம் அசையவில்லை, பிறகு தூர் வாரி ஒரு பக்கம் மூடி போட்டார்கள். மறு பக்கம் இன்னும் திறந்துதான் கிடக்கிறது. மறுபடி மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இனி ஜெயில் விஷயம். என் மனசில் இதற்குத்தான் முதலிடம், அதனால் கடைசியில் வைத்தேன். சுனில் பத்ரா திகார் ஜெயிலில் மரண தண்டனைக் கைதி. பக்கத்தில் பிரேம் சந்த் என்ற இன்னொரு கைதியை ஒரு வார்டர் பணம் கேட்டுக் கொடூரமாகச் சித்திரவதை செய்ததைத் தெரிந்துகொண்டு, நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். தனக்காக எழுதவில்லை, அடிபட்ட இன்னொருவனுக்காக எழுதினார். அந்தக் கடிதத்தை ரிட் மனுவாக எடுத்துக்கொண்டு, வக்கீல்களை நியமித்து ஜெயிலுக்கே அனுப்பி விசாரித்து, 1979 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஜெயில் கதவு மூடிவிட்டால் அரசியல் சட்டம் வெளியே நின்றுவிடாது என்பதை அந்தத் தீர்ப்பு பக்கம் பக்கமாகச் சொல்கிறது. கைதிகள் புகார் போட பெட்டி வைக்க வேண்டும், நீதிபதிகள் ஜெயிலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கைதிகளின் உரிமைகள் என்ன என்று இந்தியில் ஒரு கையேடு அச்சடித்து அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. திகார் என்பதால் இந்தி. எந்த மொழி கைதிக்குப் புரியுமோ அந்த மொழியில் என்பதுதான் அதன் அர்த்தம்.

ஜெயிலை நிர்வகித்த ஒருவர்தான் இப்படி எழுதினார் என்பதை அந்த வாசகர் தயவுசெய்து யோசித்துப் பார்க்க வேண்டும். வார்டர் ஒருவன் கெட்டவனாக இருந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தால் உள்ளே நடப்பதில் எவ்வளவு கண்ணுக்கு வராமல் போகும் என்றும் தெரியும். அதனால்தான் பெட்டி வை, சாவியை வேறு ஆளிடம் கொடு என்கிற அளவுக்கு எழுதினார்.

பழைய சென்ட்ரல் ஜெயில் 2006-ல் புழலுக்குப் போன பிறகு, கட்சிக்காரர்களின் குடும்பத்தோடு நானும் மனு பார்க்க, அதாவது மனு கொடுத்துக் கைதியைப் பார்க்க, எத்தனையோ தடவை போயிருக்கிறேன். விடியற்காலையில் வந்து வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுப்பேன். பலருடைய பிள்ளைக்கு ஜாமீன் கிடைத்திருக்கும், ஜாமீன் நிற்க ஆள் இருக்காது. ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கொடுக்க முடியாதவரை ஏழை என்றே எடுத்துக்கொண்டு, ஜாமீனில் விடக்கூடிய குற்றமானால் சொந்த உத்தரவாதத்தில் விட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. மோத்தி ராம் தீர்ப்பு வந்து பல வருடம் கழித்துத்தான் அது சட்டத்துக்குள் வந்தது. மாதவரத்திலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "இத எங்க போட்டிருக்காங்க, காட்டுங்க" என்றார். காட்ட என்னிடம் தமிழில் ஒரு தாள் இல்லை. ஆங்கிலப் புத்தகத்தை அவரிடம் காட்டி என்ன பயன்?

2014 டிசம்பர் 4-ல், 99 வயது முடிந்த சில நாட்களில், கொச்சியில் அவர் காலமானார். அன்று எங்கள் தெரு டீக்கடையில் டிவியில் செய்தி ஓடியது. நெருக்கடி நிலை, 1987 ஜனாதிபதி தேர்தலில் ஆர்.வெங்கட்ராமனிடம் தோற்றது, பத்ம விபூஷண், இவ்வளவும் சொன்னார்கள். அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தவர்களில் மூன்று பேராவது அவருடைய தீர்ப்பால் ஜாமீனில் வந்தவர்கள். மூன்று பேருக்கும் தாங்கள் யாரால் வெளியே வந்தோம் என்று தெரியாது. நான் எழுந்துபோய்ச் சொன்னேன். ஒருவர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு டிவி முன்னால் போய் நின்றுகொண்டார்.

அதனால் ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. வருகிற டிசம்பர் 4 அன்று, மோத்தி ராம் தீர்ப்பில் ஜாமீன்தாரர் பற்றி வரும் பகுதியையும், பெண்களைக் காவல் நிலையத்துக்கு அழைப்பது பற்றி நந்தினி சத்பதி தீர்ப்பில் வரும் பகுதியையும் எளிய தமிழில் உங்கள் நாளிதழில் அரைப் பக்கம் போடுங்கள். கத்தரித்து வைத்துக்கொள்கிற மாதிரி, சுற்றிலும் கோடு போட்டு. மொழிபெயர்ப்பைச் சட்டம் தெரிந்த ஒருவர் சரிபார்க்க வேண்டும். முதல் பிரதியை நான் எழுதி, டைப் அடித்து இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். மொத்தம் நாலு பக்கம். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

வெளிவந்தால் எனக்கு நூறு பிரதி வேண்டும், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். வெளிவருகிற அன்று காலை ஏழு மணிக்குப் புழலில் மனு வரிசையில் நிற்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
கொருக்குப்பேட்டை, சென்னை – 21.